சோனௌலியில் யாரும் கேட்கவில்லை, மோரேயில் பாஸ் கேட்கிறார்கள்: இதில் எது பாதுகாப்பு?

#1 | வடக்குவாசல்

போன மாதம் கோரக்பூரில் ஒரு வேலை. முடிந்த பிறகு ஒரு நாள் கையில் மிஞ்சியது. பஸ் ஏறி சோனௌலி போய், அங்கிருந்து நடந்தே நேபாளத்துக்குள் போய்விட்டேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தேன். எல்லை வாசல் வளைவுக்குக் கீழே நின்ற ஜவான் ஒரு ஸ்கூட்டர்காரரின் மூட்டையை அவிழ்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி. அந்தப் பக்கமும் அதே தூசி, அதே ரிக்‌ஷா. செல்போன் கடிகாரம் பதினைந்து நிமிடம் முன்னால் தாவியபோதுதான் வேறு நாட்டில் நிற்கிறோம் என்று உறைத்தது.

திரும்பி வந்து இதைப் பெருமையாகச் சொன்னேன். மோரேயில் உறவினர் இருக்கும் நண்பன் ஒருவன் சிரித்தான். மணிப்பூரின் கடைசி ஊரான மோரேயிலிருந்து எதிரே கண்ணுக்குத் தெரியும் தமுவுக்குப் போக இப்போது பாஸ் வேண்டும், எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் குடியிருக்க வேண்டும், ஏழு நாளில் திரும்ப வேண்டும் என்றான். வேலியும் வருகிறதாம்.

நாடு ஒன்றுதான், எல்லைக்கு எல்லை சட்டம் வேறு. வடக்கே நடந்தது அலட்சியமா? கிழக்கே நடப்பது மிகையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாவற்றையும் மூடு", "எல்லாவற்றையும் திற" என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

#2 | கம்பிவேலி

ஒற்றை வரி வேண்டாம் என்றதால் நாலு வரியாக எழுதுகிறேன்.

1999 டிசம்பர் 24. ஐ.சி. 814 இந்திய விமானம் காத்மாண்டுவில் கிளம்பி, கடத்தப்பட்டு, ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் போய் நின்றது. இந்தியன் முஜாஹிதீன் பயங்கரவாத அமைப்பின் யாசின் பட்கல் 2013 ஆகஸ்டில் பிடிபட்டது நேபாள எல்லையில். கிழக்கே, 2015 ஜூன் 4 அன்று மணிப்பூரின் சந்தேல் மாவட்டத்தில் பதுங்கித் தாக்கி 18 ராணுவத்தினரைக் கொன்றவர்களுக்கு முகாம் இருந்தது மியான்மரில். அப்போது அந்த எல்லையில் 16 கி.மீ. வரை மக்கள் தடையில்லாமல் போய் வரலாம் என்ற ஏற்பாடு நடப்பில் இருந்தது.

எல்லையைத் திறந்து வைத்தால் அண்டை நாட்டு விமான நிலையத்தில் இருக்கும் ஓட்டையும் நம் வீட்டு ஓட்டைதான். அந்தப் பக்கக் காவலருக்கு நாம் சம்பளம் கொடுப்பதும் இல்லை, அவர் நமக்குப் பதில் சொல்வதும் இல்லை. சோனௌலியில் உங்களை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் நடந்து போனவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்தானே?

#3 | பழைய_ஜவான்

22 வருட சர்வீஸ், எஸ்.எஸ்.பி. என்ற எல்லைக் காவல் படையில். அதில் ஒன்பது வருடம் நேபாள எல்லை. இப்போது ஊரில் தென்னை பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரல் மெதுவாகத்தான் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிவேலி தம்பி சொன்ன நேபாளப் பக்கத்து இரண்டு சம்பவமும் நடந்தவை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கணும். ஐ.சி. 814 விமான நிலையத்தில் நடந்த தப்பு. அதற்குப் பிறகு மாறியதும் விமான வழிதான். இந்தியா–நேபாளம் விமானத்தில் ஏற பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை மாதிரி அடையாளம் கட்டாயமானது. தரை வழி அப்படியே இருந்தது. பட்கல் விஷயத்தில் அவனைப் பிடித்துக் கொடுத்தது வேலி இல்லை, தகவல். அங்கே வேலியே கிடையாது.

அந்த எல்லை 1,751 கி.மீ. 1950 ஜூலை 31-இல் போட்ட உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவின்படி இரண்டு நாட்டு மக்களும் ஒருவர் மண்ணில் ஒருவர் வசிக்கலாம், சொத்து வாங்கலாம், தொழில் செய்யலாம், போய் வரலாம். எங்கள் படை அந்த எல்லைக்கு வந்ததே 2001-இல்தான். அதுவரை அரை நூற்றாண்டு அங்கே எல்லைக் காவல் என்று தனிப்படை எதுவும் நிற்கவில்லை.

நடுவே ஆளில்லா நிலம் ஒரு பட்டை ஓடும். அந்த ஊர்க்காரர்கள் "தஸ்கஜா" என்பார்கள், பத்து கஜம் என்று அர்த்தம். காகிதத்தில்தான் அது ஆளில்லா நிலம். நேரில் போனால் அதில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், கல்யாணப் பந்தல் போடுவார்கள். எல்லைத் தூண் ஒன்றில் துணி காயப்போட்டிருந்ததை நானே எத்தனையோ முறை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் மறுபடி காயும்.

அங்கே எங்களுக்கு வேலை ஆளை நிறுத்துவதில்லை, ஆளைத் தெரிந்து வைத்திருப்பது. மூன்றாம் நாட்டுக்காரன் யாராவது கும்பலோடு கும்பலாக நழுவுகிறானா? யூரியா மூட்டை அந்தப் பக்கம் போகிறதா? வெளிநாட்டுக் கொட்டைப்பாக்கு இந்தப் பக்கம் வருகிறதா? கள்ள நோட்டு? எல்லாவற்றுக்கும் மேலே, வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி எவனாவது ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறானா?

இந்தக் கடைசி விஷயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்கள். மைதி நேபாள் என்று 1993-இல் தொடங்கிய அமைப்பு. எல்லை வாசல்களில் அவர்கள் ஆள் இருக்கும், சிலர் தாங்களே விற்கப்பட்டு மீண்டு வந்தவர்கள். இயந்திரம் எதுவும் கிடையாது. பெண்ணைத் தனியாக ஒரு ஓரம் கூப்பிட்டு "கூட வருகிறவர் உன் ஊரில் யார் வீடு?" என்று கேட்பார்கள். ஆணிடம் அதையே கேட்பார்கள். பதில் இரண்டு விதமாக வந்தால் முடிந்தது. பாஸ்போர்ட் ஸ்டாம்பு பார்க்கிறவன் இதைப் பிடிக்கவே மாட்டான், ஏனென்றால் காகிதம் சரியாகத்தான் இருக்கும்.

#4 | கம்பிவேலி

ஐயா, உங்கள் சேவைக்கு வணக்கம். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் சாய்கிறது. "ஆளைத் தெரிந்து வைத்திருப்பது" என்கிறீர்கள். வடக்குவாசலை யார் தெரிந்து வைத்துக்கொண்டார்கள்? பேர்கூட எழுதவில்லை. நாளைக்கு அவர் காணாமல் போனால் எந்தத் தேதியில் எல்லை கடந்தார் என்று சொல்ல இரண்டு நாட்டிலும் ஒரு காகிதம் கிடையாது.

#5 | பழைய_ஜவான்

இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. அது குறைதான்.

உள்ளூர்க்காரனை முகத்தை வைத்தே தெரியும். பெயர், மாமனார் ஊர், சைக்கிள் நிறம் வரை தெரியும். ஆயிரம் கி.மீ. தாண்டி வருகிற ஆளை முகத்தை வைத்துத் தெரியாது. திறந்த எல்லை என்ற ஏற்பாடு முதலாமவனுக்காக வந்தது. அதில் இரண்டாமவனும் நடந்து போகிறான். இரண்டு அரசும் சேர்ந்து 2016-இல் மேன்மக்கள் குழு ஒன்றைப் போட்டன, அது 2018-இல் அறிக்கையை முடித்தது. அடையாள அட்டை காட்டிக் கடக்கலாம் என்ற யோசனை அதில் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த அறிக்கையைக் கையில் வாங்காமலேயே வருடங்களை ஓட்டினார்கள். வாங்கினால் பதில் சொல்லணுமே.

#6 | மோரேக்காரி

நாலு நாளாக இந்த இழையை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். மோரே பேர் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மோரேயில். இப்போது வியாசர்பாடி. அம்மா இன்னும் அங்கேதான். "மணிப்பூரில் தமிழர்களா?" என்று கேட்பவர்களுக்கு: 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், கடைகளை அரசுடைமை ஆக்கினார், எங்கள் தாத்தா தலைமுறை பர்மாவிலிருந்து கப்பலில் மதராஸ் வந்து இறங்கியது. பலருக்கு இங்கே ஒட்டவில்லை. பிறந்தது அங்கே, பேசியது பர்மியும் கலந்த தமிழ். சிலர் தரை வழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பி மணிப்பூர் வரை போனார்கள். பர்மா எல்லையில் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனசில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். அந்த இடம்தான் மோரே. அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஒரு எல்லை மூடப்பட்டதால் பிறந்த தெரு எங்கள் தெரு.

என் சின்ன வயதில் தமு என்பது பக்கத்துத் தெரு மாதிரி. காலையில் கேட் திறந்ததும் போய், சாயங்காலம் மூடுவதற்குள் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு அங்கே கடைக்காரர்கள் எல்லாரும் தெரியும். இந்த ஏற்பாடு 1968-இல் 40 கி.மீ. வரை இருந்தது, 2004-இல் 16 கி.மீ. ஆக்கினார்கள். 2018-இல் அதையே ஒப்பந்தமாகப் போட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் பாஸ்போர்ட், விசாவோடு மோரே வழியாக யார் வேண்டுமானாலும் போகலாம் என்றும் திறந்தார்கள். அம்மாவுக்கு ரங்கூனில் சித்தி இருந்தார். பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து கேட்டை மூடினார்கள். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சித்தி போன வருடம் போய்ச் சேர்ந்தார், செல்போனில்தான் முகம் பார்த்தோம்.

2022 ஜூலையில் மோரேக்காரத் தமிழர் இரண்டு பேர் தமுவுக்குப் போய்ச் சுடப்பட்டுச் செத்தார்கள். கேட் அதிகாரப்பூர்வமாக மூடியிருந்த காலம் அது. ஆனால் ஆட்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள், போகாமல் பிழைக்க முடியாது. கேட் வழியாகப் போனால் யார் போனது, யார் வரவில்லை என்று சாயங்காலமே தெரியும். காட்டுப் பாதையில் போனவனை எந்த நோட்டில் தேடுவது? கம்பிவேலி அவர்களே, நீங்கள் கேட்ட அதே காகிதம்தான். எங்களிடம் அது இருந்தது. கேட்டை மூடினார்கள், காகிதமும் போனது.

2024 பிப்ரவரியில் தடையில்லாப் போக்குவரத்தை ரத்து செய்வதாக உள்துறை அமைச்சர் அறிவித்தார். 1,643 கி.மீ.க்கும் வேலி என்றார்கள். வருடக் கடைசியில் பாஸ் முறை வந்தது: 10 கி.மீ., ஏழு நாள், கைரேகை, 43 கடவுகள். உண்மையைச் சொல்கிறேன், எங்கள் தெருவில் பாதிப் பேர் "அப்பாடா, பாஸாவது வருகிறதே" என்றார்கள். மீதிப் பேர் திட்டினார்கள். அம்மா இரண்டையும் செய்தார்.

#7 | லாரிக்கணக்கு

மேடம், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டத் தோன்றவில்லை.

நான் சரக்குப் போக்குவரத்துக் கணக்கு எழுதுகிறவன், எனக்குத் தெரிந்தது கணக்குதான். மியான்மர் எல்லை வேலிக்கும் அதையொட்டிய சாலைக்கும் சேர்த்து சுமார் 31,000 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. 1,643-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 19 கோடி. போட்டதோடு முடியாது. அங்கே பெய்கிற மழைக்கு மண் சரியும், கம்பி துருப்பிடிக்கும், ரோந்து போக ஆள் வேண்டும். அந்த 43 கடவுகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு ஷிப்டுக்கு ஆளும், மின்சாரமும், இன்டர்நெட்டும் கொடுக்க இதில் எத்தனை சதவீதம் ஆகும் என்று யாராவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா? வேலிக்குத் திறப்பு விழா உண்டு. கடவில் உட்காரும் கிளார்க்குக்கு என்ன விழா?

இன்னொன்று. ஆளை நிறுத்தினால் சரக்கும் நிற்கும். 2015-இல் நேபாளத்தின் புது அரசமைப்பு வந்த பிறகு அந்த எல்லையின் பீர்கஞ்ச் பக்கம் மாதக்கணக்கில் லாரி நின்றது. இந்தியா தடுத்ததா, அங்கே தெற்குச் சமவெளி மக்களான மதேசிகள் மறித்தார்களா என்று இரண்டு நாடும் இன்றுவரை சண்டை போடுகிறது. அதை விடுங்கள். காத்மாண்டுவில் சமையல் எரிவாயு இல்லாமல் விறகு எரித்தார்கள். "எல்லையை இறுக்குவது" என்று இங்கே தட்டச்சு செய்வது சுலபம். பீர்கஞ்சுக்கு எதிரே நம் பக்கம் இருக்கும் ரக்சௌலில் லாரியோடு நின்ற டிரைவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

#8 | காஸ்வே_தினப்பயணி

ஜொகூர் பாருவிலிருந்து வணக்கம். மலேசியத் தமிழன். தினமும் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீடு திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தன். தினம் மூன்று லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கடக்கும் எல்லை இது. பாலத்தின் நீளம் ஒரு கி.மீ.க்குச் சற்று அதிகம்.

எங்களிடம் திறந்த எல்லையும் இல்லை, மூடின எல்லையும் இல்லை. ஒருத்தர் விடாமல் பதிவாகிறார்கள். 2024 மார்ச்சிலிருந்து சிங்கப்பூர்ப் பக்கம் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டியதில்லை, கியூஆர் கோடு போதும். ஒரு காரில் பத்துப் பேர் வரை ஒரே கோடு. சிங்கப்பூர்க்காரர்கள் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள். விரல் ரேகையிலிருந்து எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. ஆனாலும் நெரிசல் நெரிசல்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள், சாமி கும்பிடத் தோன்றும்.

மூடினால் என்ன ஆகும் என்றும் தெரியும். 2020 மார்ச் 18-இல் மலேசியா கதவடைத்தது. முதல் நாள் ராத்திரி பையில் இரண்டு சட்டையோடு சிங்கப்பூருக்குள் ஓடினேன், வேலை போய்விடக்கூடாதே என்று. இடையில் வீட்டுக்குப் போய்வர ஒரு திட்டம் இருந்தது. தனிமைப்படுத்தல், சோதனை, சம்பளம் இல்லாத நாட்கள் என்று கணக்குப் பார்த்தால் கட்டுப்படி ஆகவில்லை. 2021 நவம்பர் 29-இல் பேருந்து விட்டார்கள். இருபது மாதம். மகள் நடக்கக் கற்றதை வீடியோவில் பார்த்தேன். எதிரே தெரியும் ஊர், மோரே அக்கா சொன்ன மாதிரியே.

#9 | வடக்குவாசல்

அப்படியானால் கேள்வி எளிதாகிவிட்டதா? நேபாள எல்லையில் சிங்கப்பூர் மாதிரி ஒரு கியூஆர் கோடு வைத்தால் போதுமா?

#10 | பழைய_ஜவான்

போதாது. அங்கே இரண்டு பாலம், சுற்றிலும் தண்ணீர். இங்கே வயல். வாசலில் நீங்கள் கியூஆர் கோடு வைத்தால் உள்ளூர்க்காரன் வாசலுக்கு ஏன் வருவான்? வீட்டுக் கொல்லை வழியாக மாமியார் வீட்டுக்குப் போவான். அவனைக் குற்றவாளி ஆக்கினால் அடுத்த நாள் எனக்குத் தகவல் சொல்ல ஆள் இல்லை. எனக்குக் கிடைத்த நல்ல தகவல் எல்லாம் டீக்கடையிலும் மாட்டுச் சந்தையிலும் கிடைத்தவை. ஒரு தடவை மேலிடத்தில் ஒருவர் இறுக்கச் சொன்னார், ஊர்க்காரர்களையும் வரிசையில் நிறுத்தினோம். மூன்று வாரம் யாரும் எங்களோடு பேசவில்லை. அந்த மூன்று வாரத்தில் என்னென்ன போனதோ, எனக்குத் தெரியாது. அதுதான் பயம்.

என் யோசனை இரண்டு அடுக்கு. எல்லைக் கிராமத்தானுக்கு ஊர்ப் பட்டியல், முகம், அவனுடைய பாட்டைகள். வெளியூர் ஆளுக்கு வாசல், அடையாளம், பதிவு. மியான்மர் எல்லையில் முன்பு இருந்த 16 கி.மீ. ஏற்பாட்டின் தத்துவமும் ஏறக்குறைய இதுதான். தத்துவத்தில் கோளாறு இல்லை, அதை நடத்த ஆள் போடவில்லை.

#11 | தாள்நிழல்

எல்லாரும் "பதிவு, பதிவு" என்று ஒரே பக்கமாக நடப்பதால் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். மியான்மரிலிருந்து வந்த சின் அகதிகளின் கைரேகையை எடுக்கும்படி மத்திய அரசு மிசோரத்துக்குச் சொன்னது. 2023-இல் மிசோரம் அரசு முடியாது என்றது. மிசோக்களும் சின்களும் ரத்த உறவு. இன்றைக்கு எடுக்கும் கைரேகை நாளைக்குத் திருப்பி அனுப்பும் பட்டியல் ஆகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஓடி வந்தவன் பெயர் அவன் ஓடி வந்த ராணுவத்தின் மேசைக்குப் போனால்? பதிவு என்பது அவனுக்குப் பாதுகாப்பா, மரணமா?

ஐரோப்பாவையும் பாருங்கள். நாடு விட்டு நாடு சோதனை இல்லாமல் போகும் ஷெங்கன் ஏற்பாடு என்றால் சுதந்திரம் என்று சுற்றுலாப் பதிவுகளில் எழுதுகிறார்கள். 1985-இல் கையெழுத்து, 1995-இல் நடைமுறை, இன்று 29 நாடுகள். ஆனால் நாடுகளுக்கு நடுவே வாசலைத் தூக்கிய கையோடு, எல்லாக் காவல்துறையும் பார்க்கும் பொதுத் தகவல் தளம் ஒன்றைக் கட்டினார்கள். வாசலில் நின்ற காவலர் கணினிக்குள் போனார், அவ்வளவுதான். அதுவும் போதவில்லை என்று 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. "தற்காலிகம்" என்ற பெயரில். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசு அகராதியில் காலாவதித் தேதி கிடையாது.

#12 | கம்பிவேலி

தாள்நிழல், அகதி வேறு, தினமும் போய் வருகிறவர் வேறு. ஒரே கூடையில் போடாதீர்கள்.

மோரேக்காரி அவர்களுக்கு: உங்கள் பதிவு என்னை யோசிக்க வைத்தது, மறைக்கவில்லை. மூடின கேட்டைவிட எழுதும் கேட் மேல் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆயுதம் பாஸ் வாங்கிக்கொண்டு வராது. 2023 மே 3-க்குப் பிறகு இனக்கலவரத்தில் மணிப்பூர் எரிந்ததை நீங்கள் எங்களைவிடக் கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள். கடவுகளுக்கு நடுவே இருக்கும் மலையையும் காட்டையும் என்ன செய்வது? அங்கே வேலி வேண்டாம் என்றால் பதில் என்ன? கடவும் இருக்கட்டும், வேலியும் இருக்கட்டும் என்பதில் என்ன தவறு?

#13 | வங்கிப்பணி_கூச்பெகார்

கம்பிவேலியின் கடைசிக் கேள்விக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். வங்கிப் பணியில் மூன்று வருடம் கூச்பெகார் மாவட்டத்தில் இருந்தேன். வங்கதேச எல்லை, மொத்தம் 4,096 கி.மீ. பெரும்பகுதிக்கு வேலி உண்டு, கேட்டும் உண்டு.

எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்பது 1975-இல் இரு நாடும் ஒப்புக்கொண்ட வழிகாட்டு நெறி. அதனால் வேலி இந்தியாவுக்குள் தள்ளி நிற்கிறது. வேலிக்கும் எல்லைக்கும் நடுவே இருப்பதும் இந்திய நிலம்தான், நம் விவசாயியின் வயல். சில இடத்தில் வீடும் உண்டு. தன் வயலுக்குப் போக அவர் காலையில் கேட்டில் வரிசையில் நின்று அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், குறித்த நேரத்தில் திரும்பி வாங்க வேண்டும். பயிர்க்கடன் கேட்டு வந்த ஒருவரிடம் "இந்த நேரத்தில் தண்ணீர் பாய்ச்சினால்தானே நல்லது?" என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன். "கேட் திறக்கும் நேரத்தில்தான் பாய்ச்ச முடியும் பாபு" என்றார். அதன் பிறகு நான் அந்தப் பகுதி வயல்களைப் பற்றி வாய் திறக்கவில்லை.

2011 ஜனவரியில் வேலியைத் தாண்டும்போது 15 வயது வங்கதேசச் சிறுமி சுடப்பட்டு, உடல் கம்பியிலேயே மணிக்கணக்கில் தொங்கியது. வேலை பார்த்த இடத்திலிருந்து கல்யாணத்துக்காக அப்பாவோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். வேலியும் இருந்தது, கேட்டும் இருந்தது. அவளைப் போன்றவர்கள் முறையாக நடந்து போக ஒரு வழிதான் இருக்கவில்லை.

வேலி தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாட்டுக் கடத்தல் நடக்கும் ஊரில் இருந்திருக்கிறேன், ராத்திரி சத்தம் கேட்டிருக்கிறேன். ஆனால் "இரண்டும் இருக்கட்டும்" என்று சொல்லும் இடத்தில் வேலிக்குப் பணம் வருகிறது, கேட்டுக்கு நேரம் குறைகிறது. நான் பார்த்தது அதுதான்.

நல்லதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே மாவட்டத்தில்தான் 2015 ஜூலை 31 நள்ளிரவு திட்டு நிலங்கள், அதாவது ஒரு நாட்டுக்குள் சிக்கிய மற்ற நாட்டு நிலத் துண்டுகள், கைமாறின. இந்தியாவுடையவை 111, வங்கதேசத்துடையவை 51. அதுவரை அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி போவதே எல்லை மீறல். எல்லைக் கோட்டை நேராக்கியதும் அந்த மீறல்கள் ஒரே ராத்திரியில் ஒழிந்தன. அதைச் செய்தது வேலி இல்லை.

#14 | பாக்நீரிணை

நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கும்போது வடக்கே ஏன் அலைகிறீர்கள்? கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. 1974 ஒப்பந்தப்படி இந்திய யாத்திரிகர்களுக்கு பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். முன்கூட்டியே பெயர் கொடுக்கணும், எந்தப் படகில் யார் என்று பட்டியல் போகும், கிளம்பும்போது சோதனை, இரண்டு நாளில் திரும்பணும். என் பாட்டி வாழ்க்கையில் ஒரே ஒரு வெளிநாடு போயிருக்கிறாள், அது கச்சத்தீவு. போர்க் காலத்தில் பல வருடம் நின்றுபோனது. மறுபடி தொடங்கியபோது இரண்டு பக்கத்துச் சொந்தமும் அந்த மணலில்தான் சந்தித்தது. படகில் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு கடற்படை நடுவே செய்ய முடிந்ததை...

சரி, மீனவர் கைது பற்றியும் எழுத நிறைய இருக்கிறது, அதில் ஒரு பெரிய அநியாயம் என்னவென்றால்

#15 | இழைக்காவலர்

பாக்நீரிணை, மன்னிக்கவும். மீனவர் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது, 240 பதிவுகள் ஓடி இரண்டு முறை பூட்டியிருக்கிறேன். மீதியை அங்கே தொடருங்கள். கச்சத்தீவுத் திருவிழா பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

#16 | காஸ்வே_தினப்பயணி

பட்டியல் என்றதும் பாகிஸ்தானில் இருக்கும் கர்தார்பூர் சீக்கியக் கோயிலுக்குப் போட்ட வழி நினைவுக்கு வருகிறது. இந்தியா–பாகிஸ்தான்! 2019 நவம்பர் 9-இல் திறந்தார்கள். விசா இல்லை, பாஸ்போர்ட் காட்டி, முன்பதிவு செய்து, ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை, காலையில் போய் சாயங்காலம் திரும்பணும். ஜென்ம விரோதிகள் என்று நாம் சொல்லும் இரண்டு நாடு.

#17 | கம்பிவேலி

2025 மே மாதம் மூடியாகிவிட்டது.

#18 | காஸ்வே_தினப்பயணி

தெரியும் ப்ரோ. ஆனால் மூடியது வாசலில் ஓட்டை கண்டுபிடித்ததால் இல்லையே. போர் வந்தது, மூடினார்கள். நடந்த காலத்தில் அது நடந்தது என்பதுதான் நான் சொன்னது.

#19 | தாள்நிழல்

கர்தார்பூர், கச்சத்தீவு இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். போகிற காரணம் ஒன்றே ஒன்று, திரும்பும் நேரம் ஒன்றே ஒன்று, பட்டியல் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும். பதிவேட்டை நான் எதிர்ப்பது அது ஒருவனின் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்போது. பயணம் முடிந்ததும் கிழித்துப் போடும் பட்டியல் என்றால் எனக்குச் சண்டை இல்லை. மோரே பாஸின் கைரேகை எத்தனை வருடம் வைத்திருக்கப்படும் என்று அம்மாவிடம் யாராவது சொன்னார்களா?

#20 | மோரேக்காரி

சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. கேட்டால் பாஸ் வராதோ என்ற பயம் எங்கள் தலைமுறைக்கே உண்டு, ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

கம்பிவேலி கேட்ட மலை, காடு கேள்விக்கு: நியாயமான கேள்வி. 2023-இல் எங்கள் ஊரில் வீடுகள் எரிந்தபோது நானும் "இந்தக் காட்டை யாராவது அடைத்துத் தொலையுங்களேன்" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த எல்லையில் நாகாலாந்தின் லோங்வா ஊரில் தலைவர் வீட்டுக்குள்ளேயே எல்லைக் கோடு ஓடுகிறது. நாகாலாந்து, மிசோரம் சட்டமன்றங்கள் இரண்டும் 2024-இல் வேலியை எதிர்த்துத் தீர்மானம் போட்டன, மணிப்பூர் அரசு ஆதரித்தது. ஒரே வேலிக்கு ஒரு ஊரில் கோபம், ஒரு ஊரில் நிம்மதி. எங்கள் தெருவிலேயே அப்படித்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே ஆயுதம் வருகிறது என்று பக்கத்து ஊருக்குத் தெரியும். ஜவான் ஐயா சொன்ன மாதிரி, அந்த ஊரோடு யார் பேசுகிறார்கள் என்பதுதான். இப்போதைக்கு யாரும் யாரோடும் பேசுவதில்லை.

#21 | பழைய_ஜவான்

அம்மா, ஒரு விவரம் கேட்கணும். பாஸில் போகிறவர் திரும்பியதும் அவர் பேரை நோட்டில் அடிக்கிறார்களா? எங்கள் சர்வீஸில் பதிவு வைத்த இடத்தில் எல்லாம் போனவன் பேர் இருக்கும், திரும்பியவன் பேர் இருக்காது. அப்படி ஒரு பதிவு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

#22 | மோரேக்காரி

அம்மாவிடம் போனில் கேட்டேன் ஐயா. தமுவில் அத்தை வீட்டுக்குப் போன வாரம் போயிருக்கிறார். மூன்றாம் நாளே திரும்பிவிட்டாராம், அங்கே ராத்திரி வெடிச்சத்தம் கேட்டதாம். திரும்பும்போது பாஸை ஸ்கேன் செய்தார்களா என்றேன். "கரண்ட் இல்லை, பையன் பேனாவால் நோட்டில் எழுதிக்கொண்டான், நம்ம பக்கத்துத் தெருப் பையன்தான்" என்றார்.

#23 | பழைய_ஜவான்

எழுதினான் இல்லையா. போதும்மா.

#24 | வடக்குவாசல்

அடுத்த முறை சோனௌலி போனால் நானாகவே போய் என் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என்று பார்க்கிறேன். நோட்டு வைத்திருப்பார்களா ஐயா?

#25 | பழைய_ஜவான்

மூட்டைக்குத்தான் நோட்டு தம்பி. ஆளுக்கு இல்லை.